ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம்

சுவிஸின் லுசேர்ன் ஏரியில் கரையிலிருந்தே இறங்கிச் சுழியோடக்கூடிய இடங்கள் பதினொன்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் என் குறிப்புப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. காரை எங்கே நிறுத்துவது, தண்ணீருக்கு எத்தனை படி, படியில் பாசி உண்டா, எந்த ஆழத்தில் பாறைச் சுவர் தொடங்குகிறது, அன்றைக்கு எத்தனை டிகிரி, எவ்வளவு தூரத்துக்குக் கண் தெரிந்தது. மருந்துக் களஞ்சியம் ஒன்றில் தரப் பரிசோதனை செய்வது என் தொழில். எண் இல்லாத வசனத்தை நான் பாதிதான் நம்புவேன்.

என்னோடு சுழியோடுபவர் என் மச்சாள், கணவரின் அக்கா. வயது ஐம்பத்து மூன்று. எம்மன்புரூக்கேயில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. முதல் வருடம் முழுக்க அவர் கரையில் என் துவாயையும் இஞ்சித் தேத்தண்ணிப் போத்தலையும் காவல் காத்தார். பிறகு ஒரு நாள், "நீர் அடியில போய் என்னத்தைத்தான் பாக்கிறீர்? நானும் பாக்கவேணும்" என்று சொல்லிவிட்டு வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

ஏரி அவருக்கு ஒரு சாட்டுத்தான். அவர் மனம் முழுக்கத் தெற்கே இருக்கும் வெர்சாஸ்கா ஆற்றில் இருந்தது. வெண்ணிறப் பாறைகளுக்கு நடுவே, பச்சைக் கண்ணாடியை உருக்கி ஊற்றியதுபோல ஓடும் ஆறு அது. அதற்குள் இறங்கினால் மேலே பாலத்தில் நிற்பவர்களின் சப்பாத்தின் நிறம்கூடத் தெரியும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். எங்கள் சுழியோடும் கழகம் கோடையில் மூன்று நாள் அங்கே போவதாக இருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. ஆற்றில் இழுவை உண்டு என்பதால், ஏரியில் ஐந்து மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் மேலே எழும்பாமல், கீழே தாழாமல் அப்படியே மிதந்து காட்டுகிறவர்களுக்குத்தான் இடம். மச்சாள் ஏற்கனவே ஒரு தடவை தவறவிட்டிருந்தார். மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றுதான் கடைசிச் சந்தர்ப்பம்.

வியாழக்கிழமையே போனில் அவரைத் தயார்ப்படுத்தினேன்.

"அஞ்சு மீற்றரில ஏழு டிகிரி மச்சாள்."

"ஏழோ? கத்தரிக்காய் வைக்கிற பிரிஜ்ஜும் ஏழுதானே!"

சனிக்கிழமை காலை ஏற்றப் போனபோது அவர் பஸ் தரிப்பில் நின்றார், டிரைசூட்டைப் போட்டபடியே. தண்ணீர் உள்ளே வராத கறுப்பு முழு உடை அது. முதுகில் தோளுக்குத் தோள் ஒரு சிப் பூட்டு. தலைமூடியையும் மாட்டியிருந்தார். முகம் தக்காளிப்பழம் மாதிரிச் சிவந்திருந்தது.

"இதென்ன கோலம்?"

"கரையில நிண்டு உடுப்பு மாத்த எனக்கு வெக்கம். இவர் வீட்டிலயே பூட்டி விட்டவர். கீழ்வீட்டு மனுசன் நான் தீயணைப்பில சேந்திட்டன் எண்டு நினைச்சுக் கை தந்தவர்."

அவரால் இடுப்பை மடித்துக் காரில் இருக்க முடியவில்லை. பின் ஆசனத்தில் சாய்த்துப் படுக்கவைத்துத்தான் கொண்டுபோனேன். வளைவுகளில் அவர் உருளும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் சிரித்தோம்.

எங்கள் பயிற்றுநர் அறுபதைத் தாண்டிய சுவிஸ் பெண்மணி. முன்பு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி கற்பித்தவர். ஒரு வார்த்தையில் முடிவதை இரண்டாக்க மாட்டார். அவர் மிதவை ஒன்றிலிருந்து கயிற்றைத் தொங்கவிட்டு, ஐந்து மீற்றரில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்.

மச்சாள் மூழ்கப் பன்னிரண்டு கிலோ ஈயம் போதும் என்று நான் கணக்குப் பார்த்திருந்தேன். சமையல் தராசில் ஒவ்வொரு கட்டியாக நிறுத்தும் இருந்தேன். அவர் இறங்கினார். உடையின் இடது கையிலுள்ள வால்வைத் திறந்து காற்றை விட்டார். தாழவில்லை. நாடி தண்ணீருக்கு மேலே, நெஞ்சு தண்ணீருக்கு மேலே, வாத்துப்போல அப்படியே இருந்தார்.

"காத்தை விடுங்கோ மச்சாள்!"

"விட்டாச்சு! இனி உள்ளுக்க நான் மட்டுந்தான் இருக்கிறன்!"

ஒரு கிலோ கூட்டினோம். பிறகு இன்னொன்று. பதினாறு கிலோவில் அவருடைய தலை உள்ளே போனது, பின்புறம் மட்டும் வெளியே நின்றது. கரையில் நாயோடு போன ஒரு சோடி நின்று பார்த்தது. நாய் குரைத்தது. எனக்குச் சிரிப்பில் வாயிலிருந்த காற்றுக்குழாய் நழுவியது.

பயிற்றுநர் சிரிக்கவில்லை. நேரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரே ஒரு முறை என்றார். அதற்குப் பிறகு பட்டியலை எழுதி அனுப்பவேண்டும்.

மச்சாள் படியில் வந்து குந்தினார். அவருடைய சிரிப்பும் நின்றுவிட்டது.

"நீர் போம். வந்து படத்தைக் காட்டும், எனக்கு அது காணும்."

"நீங்கள் இல்லாம நான் ஆரோட இறங்கிறது?" என்று தோளைத் தட்டினேன். கை மெத்தையில் பட்டதுபோல உள்ளே போனது. இருபது வருடமாகப் பெட்டிகளை அழுத்திப் பார்த்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். இன்னொரு தடவை அழுத்தினேன்.

"மச்சாள், உள்ளுக்க என்ன போட்டிருக்கிறியள்?"

"கழகம் சொன்ன உள்ளுடுப்புத்தான்."

"அதுக்கு மேல?"

"இவற்ர கம்பளிச் சட்டை."

"அதுக்கு மேல?"

"கையில்லாத ஜக்கெற் ஒண்டு."

"மச்சாள்!"

"வயித்தைச் சுத்தி ஒரு சால்வை. நீர்தானே ஏழு டிகிரி எண்டு வெருட்டினீர்!"

குளிர் என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து இன்னொரு உடுப்பு. இந்த நாட்டில் பிள்ளைகளை வளர்த்ததும் அப்படித்தான். கிண்டர்கார்டன் வாசலில் வெங்காயம் உரிப்பதுபோல அவர்களை உரித்தெடுத்த ஆசிரியைகளை எனக்கு ஞாபகம் இருக்கிறது. தரையில் அதில் ஒரு பிழையும் இல்லை. தண்ணீருக்குள் ஒவ்வொரு கம்பளியும் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மச்சாள் மூன்று மிதவை கட்டிக்கொண்டு மூழ்கப் பார்த்திருக்கிறார்.

கழகத்து வான் வண்டியின் கதவுக்குப் பின்னால் நான் சிப்பைத் திறந்தேன். பயிற்றுநர் துவாயை விரித்துப் பிடித்தார். ஆவி பறந்தது. கம்பளிச் சட்டை, ஜக்கெற், சால்வை, இரண்டாவது சோடிக் காலுறை. கடைசியாகத் தலைமூடிக்குள்ளிருந்து கண் மட்டும் தெரியும் குரங்குத் தொப்பி ஒன்றும் வந்தது. பயிற்றுநர் ஒவ்வொன்றையும் வாங்கி வண்டிக்குள் அடுக்கினார். தொப்பி வந்ததும் துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். தோள்கள் குலுங்கின.

"எனக்குக் குளிருது" என்றார் மச்சாள். பத்தொன்பது டிகிரி வெயில்.

திரும்பவும் பன்னிரண்டு கிலோ. இந்தத் தடவை அவர் லிஃப்டில் போவதுபோல இறங்கினார். சிவப்புத் துணிக்கு நேராக நின்றார். எங்களோடு இறங்கிய பயிற்றுநர் மணிக்கூட்டை அழுத்தினார்.

முதல் நிமிடத்தில் அரை மீற்றர் மேலே போனார். இடது கையை உயர்த்தி ஒரு கொத்துக் குமிழியை விட்டார், மெதுவாகத் திரும்பி வந்தார். இரண்டாவது நிமிடத்தில் வரி போட்ட சின்ன மீன்கள் கூட்டமாக எங்களுக்கிடையே நுழைந்தன. மச்சாள் பரீட்சையை மறந்தே போனார். ஒவ்வொரு மீனையும் முழித்து முழித்துப் பார்த்தபடி, நூலில் கட்டிவிட்டதுபோல அசையாமல் நின்றார். அந்த முழியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கன்னம் மடிந்து கண்ணாடிக்குள் தண்ணீர் வரும். வந்தது. அதை ஊதி வெளியேற்றிப் பார்க்கிறேன், நான் மூன்று மீற்றரில் நிற்கிறேன். கீழேயிருந்து பயிற்றுநர் என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். மச்சாளும் ஆட்டினார்.

மூன்று நிமிடம் முடிந்தது. பயிற்றுநர் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினார், தேறிவிட்டார் என்று. மச்சாள் இரண்டு கையையும் கூப்பி, இடுப்பை வளைத்து, நல்ல மரியாதையாக ஒரு கும்பிடு போட்டார். தலை குனிந்ததும் உடைக்குள் இருந்த காற்றெல்லாம் காலுக்கு ஓடியது. கால் மேலே, தலை கீழே, கை கூப்பியபடியே மேலே போகத் தொடங்கினார். பயிற்றுநர் பாய்ந்து கணுக்காலைப் பிடித்து நிமிர்த்தினார்.

மேலே வந்ததும் மச்சாள் கேட்ட முதல் கேள்வி, "பாஸோ?"

"ஓம் மச்சாள், பாஸ்!"

பயிற்றுநர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஜெர்மனில் ஏதோ சொன்னார். தலைமூடி காதை அடைத்திருந்ததால் மச்சாளுக்குக் கேட்கவில்லை.

"என்னவாம்? என்ன சொல்லுறா?"

ஆற்றில் யாரையும் கும்பிட வேண்டாம் என்று சொல்லுகிறார். அதைத் தமிழில் சொல்லி முடிக்க எனக்கு மூன்று தடவை மூச்சு எடுக்கவேண்டியிருந்தது.