அப்பா போட்டுக்கொண்ட ஊசி

எங்கள் வீட்டில் நல்ல சேதி வந்தால் முதலில் கதவைச் சாத்துவார்கள். அப்பாவுக்குத் தான்சானியாவில் வேலை கிடைத்தபோதும் அப்படித்தான். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது, விமானம் ஏறும்வரை யாரிடமும் மூச்சு விடாதே என்றாள் அம்மா. அங்கே போகிறவர்கள் போட்டுக்கொள்ள வேண்டிய மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிண்டிக்குப் போய் அப்பா போட்டுவந்த நாளில்கூட, பேங்க் வேலையாகப் போனார் என்றே பெருங்களத்தூர் முழுக்கச் சொல்லிவைத்தோம்.

நாலாங்கிளாஸ் படிக்கிறவள் வயிற்றில் ரகசியம் தங்குமா? மறுநாளே ஸ்கூல் வேனில் பக்கத்து சீட்டுக்காரியிடம் கொட்டிவிட்டேன்.

இரண்டு வாரத்தில் அப்பாவுக்குக் கால் மரத்துப்போனது. அடுத்த நாள் காலை மாடிப்படியில் உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. மத்தியானம் டம்ளர் கையில் நிற்கவில்லை, பேச்சும் குழறியது. ஐயோ, நான் சொன்னதால்தானே இப்படி! அப்பா செத்துப்போய்விடுவார் என்றே நினைத்தேன்.

தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, நாய் கடித்ததா, ஊசி ஏதாவது போட்டாரா என்று டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டார். கதவு திறந்திருந்தது, வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். அம்மா அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மேடம்” என்றாள்.

அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. “நான்தான் ஆன்ட்டி வேன்ல சொல்லிட்டேன், அப்பா ஆப்பிரிக்கா போறாருன்னு. அதான் இப்படி ஆயிடுச்சு” என்று ஓவென்று அழுதேன்.

டாக்டரம்மா நிமிர்ந்தார். “ஆப்பிரிக்காவா? அதுக்கு ஊசி போட்டுக்கிட்டாரா?”

தலையாட்டினேன். ரொம்ப அபூர்வமாக அந்த ஊசிக்கு அப்புறம் நரம்பு இப்படிப் பாதிக்கலாம், அதுவாகவும் இருக்கலாம், இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா என்று கடிந்துகொண்டே, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். வராந்தாவுக்கு வந்ததும் அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்த கையாலேயே என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதாள். எதற்கு அடி, எதற்கு அணைப்பு, அப்போது ஒன்றும் விளங்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அப்பா கம்பு ஊன்றி நடந்தார். தான்சானியா அதோடு போயிற்று. அன்றைக்கு முதுகில் விழுந்தது வாயை அடக்காததற்கான அடி என்றே வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் அம்மா தானாக வாய் திறந்தாள். ஊசி போட்ட அன்றைக்கே, பெருமை தாங்காமல், மீன் விற்க வந்த அக்காவிடம் அப்பா வெளிநாடு போவதை அவளும் சொல்லியிருக்கிறாள். அப்பாவைப் படுக்கவைத்தது தன் வாய்தான் என்று நம்பி, இத்தனை வருஷமும் அதை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.