அம்மா நிற்க வேண்டிய இடம்

மண்டபம் ஏன் வேண்டாம் என்று கேட்டவர்களிடமெல்லாம் மரம், காற்று, காலை வெளிச்சம், போட்டோ நன்றாக வரும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அலுவலகத்தில் யாராவது தேநீர் கலக்க எழுந்தால் போதும், பின்னாலேயே போய் கைப்பேசியில் படம் காட்டுவேன். தென்னைகளுக்கு நடுவே மணவறை. அறுபது பேர், அதற்கு மேல் ஒருவர்கூடக் கிடையாது. சொன்னது எதுவும் பொய்யில்லை. ஆனால் உண்மையான காரணம் மாப்பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். தாலி கட்டும்போது அம்மா என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அப்பா இறந்த பிறகு எங்கள் குடும்பத்தில் வந்த முதல் கல்யாணம் சித்தப்பா மகளுடையது. ரவாங்கில் பெரிய மண்டபம். நலங்கு வைக்க எல்லாரையும் கூப்பிட்டபோது அம்மாவும் எழுந்து மேடைவரை போய்விட்டார். மஞ்சள் கிண்ணத்தை வைத்திருந்த சித்தி சிரித்த முகமாகத்தான் சொன்னார்.

"அக்கா, நீங்க போய் உக்காருங்க. நான் பாத்துக்குறேன்."

அம்மா வேறெதற்கோ வந்தவர் போலத் திரும்பி, வழியில் கோணலாகக் கிடந்த ஒரு நாற்காலியைச் சரிசெய்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு சாப்பாட்டு நேரம்வரை எழுந்திருக்கவே இல்லை.

என் முறை வந்தபோது ஒரே விதிதான் வைத்துக்கொண்டேன். அந்த வாக்கியத்தைச் சொல்லக்கூடிய வாய் எதுவும் என் கல்யாணத்துக்கு வரக்கூடாது. பட்டியலிலிருந்து முதலில் போனது சித்தப்பா வீடு. பிறகு அத்தைகள், அப்பாவுடைய பழைய தோட்டத்துச் சொந்தங்கள். அடித்து அடித்து அறுபதில் வந்து நின்றது. அறுபது பேரை வைத்தால் எந்த மண்டபமும் காலியாகத் தெரியும். திறந்தவெளிதான் என்று முடிவெடுத்தேன்.

அசாம் ஜாவாவில் என் தோழியின் மாமாவுக்குத் தென்னந்தோப்பு இருந்தது, ஓரத்தில் வாய்க்காலோடு. கூடாரம் போடுகிறவர், ஜெனரேட்டர், சமையல்காரர் என்று ஒரே வாரத்தில் எல்லாரையும் பேசி முடித்தேன். லோரி உள்ளே வருமா என்று மழை விட்ட மறுநாள் போய் மண்ணை மிதித்துப் பார்த்தேன். குருக்களிடம் மட்டும் சண்டைக்குத் தயாராகப் போனேன். என் கையைப் பிடித்துத் தாரை வார்த்துக் கொடுக்கப்போவது அம்மாதான் என்றேன்.

"தாராளமா செய்யலாம்மா. பெத்த கையவிட வேற எந்தக் கை?" என்றார்.

மாப்பிள்ளை வீட்டிலும் சரி என்றார்கள். நான் சேர்த்து வைத்திருந்த வாதமெல்லாம் வீணாய்ப் போனதில் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

அதற்குப் பிறகுதான் அம்மாவைத் தோப்புக்கு அழைத்துப் போனேன். எங்கள் வீடு இருந்த புக்கிட் பெருந்துங்கிலிருந்து வழியெல்லாம் நானே பேசிக்கொண்டு வந்தேன். காரைவிட்டு இறங்கியதும் அம்மா கணுக்காலைத் தட்டினார்.

"இந்தக் கொசுவுக்கெல்லாம் பத்திரிகை வச்சிட்டியா?"

"அதுங்க கூப்பிடாமயே வரும்லா, மா."

இருவரும் சிரித்தோம். மணவறை வரப்போகும் இடத்தில் நின்று, என் இடதுபக்கத்து மண்ணைக் காலால் கீறிக் காட்டினேன். "நீங்க இங்க நிக்கிறீங்க. கையைப் புடிச்சுக் கொடுக்கிறது நீங்கதான். குருக்கள் ஓகே சொல்லிட்டாரு."

அம்மா அந்தக் கோட்டைப் பார்த்தார். கிட்டே வரவில்லை.

"நான் நிக்கிறேன்னு யாரு சொன்னா?"

"யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க மா. சொல்ற ஆளுங்களையே நான் கூப்பிடல."

"நான் இருக்கேன்ல."

எனக்குப் புரியவில்லை. அம்மா வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "நாளைக்கு உனக்கு ஏதாச்சும் ஒன்னு ஆச்சுன்னா, அன்னிக்கு நான் நின்னதாலதான்னு நானே சொல்லிக்கிட்டு கெடப்பேன். அதுக்கு வேற ஆளு வேணுமா?"

மூடநம்பிக்கை, படிக்காதவர்கள் பேச்சு, குருக்களே சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். குரலையும் உயர்த்தினேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அம்மா, "சித்தப்பா வீட்டுக்குச் சொல்லிட்டியா?" என்றார்.

நான் செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன்.

"சொல்லலையா? ஜோடியா நின்னு தாரை வார்க்க வேற யாருடி இருக்கா நமக்கு?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுங்கை சோவில் இருந்த சித்தப்பா வீட்டுக்குப் போனோம். வெற்றிலை பாக்கு, பழத்தோடு தட்டை நான்தான் ஏந்திக்கொண்டு போனேன். அம்மா எனக்குப் பின்னால் வந்தார். சித்தப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். சித்தி தட்டை உடனே வாங்கவில்லை.

"நாங்க அறுபதுல இல்லன்னு கேள்விப்பட்டோம். கழிச்சுக் கட்டிட்டீங்கன்னு நெனச்சோம்."

"நாங்க கடைசியா சொல்ல வந்தாலும் முன்னாடி நிக்கப்போறது நீங்கதான்," என்றார் அம்மா. "புள்ளைய நீங்க ரெண்டு பேரும்தான் புடிச்சுக் கொடுக்கணும்."

சித்தியின் கண் கலங்கிவிட்டது. தட்டை வாங்கி சாமிப் படத்தின் முன் வைத்துவிட்டு வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும்போல இருந்தது. அம்மாவோ நிம்மதியாகத் தெரிந்தார். அந்த நிம்மதியை என் திட்டம் எதுவும் அவருக்குத் தந்ததில்லை.

கல்யாணத்தன்று மழை வரவில்லை. நான் ஆசைப்பட்ட வெளிச்சம் அப்படியே தென்னைகளுக்கு நடுவே விழுந்தது. சித்தப்பா என் கையைப் பிடித்துக் கொடுக்க, சித்தி நீர் வார்த்தார். அம்மா எங்கே என்று நான் தேடினேன். சமையல் கூடாரத்தின் ஓரம், மூடி வைத்த அண்டாக்களுக்குப் பக்கத்தில், புதுப் புடவையில் நின்றிருந்தார்.

தாலித் தட்டை எல்லாரும் தொட்டு ஆசீர்வதிக்கச் சுற்றுக்கு அனுப்பினார்கள். ஆட்கள் குறைவாக இருந்ததால் சீக்கிரமே கடைசி வரிசையைத் தாண்டி அம்மாவிடம் போய்விட்டது. ஏந்திப் போன என் தோழி தட்டை நீட்டினாள். அம்மா ஓரடி பின்வாங்கி, இரண்டு கைகளையும் கூப்பித் தட்டைப் பார்த்துக் கும்பிட்டார். தொடவில்லை. அவர் தோழியிடம் ஏதோ சொல்வது தெரிந்தது. அவள் திரும்பி வேகமாக வந்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்று தலையைக் குனிந்தபடியே கேட்டேன்.

"நேரமாவுதாம். சீக்கிரம் கொண்டு போகச் சொன்னாங்க."