அம்மா இல்லாமல் கிளம்பிய பஸ்

சான் ஹோசேயிலிருந்து லாஸ் வேகஸ் வரைக்கும் எங்கள் பழைய காரை எப்படியோ ஓட்டி வந்துவிட்ட அப்பா, அதற்கு மேல் அதைப் பாலைவன மலைகளில் ஏற்றத் துணியவில்லை. சயான், பிரைஸ் என்ற இரண்டு கேன்யன் பள்ளத்தாக்குகளையும் ஒரே நாளில் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து விடும் சின்ன பஸ்ஸில் எங்கள் நால்வருக்கும் இடம் பிடித்தார். எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நாலு.

பஸ்ஸை ஓட்டியவரேதான் வழிகாட்டியும். மைக்கில் பாறைகளின் வயதைக் கோடிக் கணக்கில் சொல்லிக்கொண்டே வந்தார். போன வருஷம் விளிம்பில் நின்று போட்டோ எடுத்த ஒருவர் விழுந்து செத்துப்போனதையும் அதே குரலில் சொன்னார். அப்பா பாறைகளின் வயதை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார். தண்ணீர் வேண்டும், ஜன்னல் சீட் வேண்டும் என்று தம்பியும் நானும் வழியெல்லாம் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தோம்.

பிரைஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். பள்ளம் முழுக்க ஆரஞ்சு நிறத் தூண்கள். நின்றபடியே தூங்கி விழுந்த தம்பியை அம்மா பஸ்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் திரும்ப இறங்கியதை நாங்கள் பார்க்கவில்லை. அப்பாவும் நானும் ஏறியபோது கடைசி சீட்டில் அவளுடைய சால்வையின் ஓரம் தெரிந்தது. தம்பியோடு அவளும் தூங்குகிறாள் என்று நினைத்தோம். எல்லாரும் வந்தாச்சா என்று டிரைவர் கேட்டதற்கு, அப்பா நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கட்டைவிரலை உயர்த்தினார்.

அரை மணி நேரம் போயிருக்கும். தம்பி சால்வையை இழுத்துக்கொண்டு நடுவழியில் வந்து நின்றான்.

"வேர் இஸ் அம்மா?"

அப்பா கடைசி சீட்டுக்குப் போனார். குனிந்து சீட்டுக்கு அடியிலும் பார்த்தார். நாள் முழுக்க ஆபீசில் இங்கிலீஷ் பேசுகிறவர், டிரைவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, "வண்டிய நிறுத்துங்க, என் ஒய்ஃப் அங்கயே இருக்காங்க" என்று தமிழில் சொன்னார். டிரைவருக்கு எப்படிப் புரிந்ததோ, பஸ் திரும்பியது.

முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பாட்டி தம்பியை மடியில் வைத்துக்கொண்டார். நான் அழுதுகொண்டே வந்தேன். புடவையோடு ஒருத்தி அந்தத் தூண்களுக்கு நடுவே விழுந்துகொண்டே இருப்பது போல் தோன்றியது. கண்ணை மூடினாலும் நிற்கவில்லை.

அம்மா விழவில்லை. விளிம்புக்குச் சற்றுத் தள்ளி, மரக்கட்டை பெஞ்சில், ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நாங்கள் ஓடி வந்ததைப் பார்த்து நிதானமாக ஷூவை மாட்டிக்கொண்டாள்.

அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "பஸ் கிளம்பினது உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது. பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"கை காட்டியிருக்கலாம் இல்ல?"

"தூக்கினேன்," என்றாள் அம்மா. "அப்புறம் இறக்கிட்டேன்."

அதுவரைக்கும் அது தவறுதலாக நடந்தது என்று நினைத்துத்தான் அழுதிருந்தேன். அவள் பார்த்துக்கொண்டே எங்களைப் போகவிட்டாள் என்றதும் அழுகைகூட நின்றுபோயிற்று. அவள் கையை நீட்டினாள். நான் பிடிக்கவில்லை. பஸ்ஸில் ஏறி அவள் ஒவ்வொருவரிடமும் "சாரி, சாரி" என்று சொல்லிக்கொண்டு போனபோது, அப்பாவை ஒட்டி உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஊருக்குக் கிளம்பினோம். கார் ஃப்ரீவேயில் ஏறிய பிறகுதான் எனக்குக் கேட்கத் தைரியம் வந்தது. என் மேல் கோபமா என்று இங்கிலீஷில் கேட்டேன்.

"உன் மேல எனக்கென்ன கோவம்?" என்றாள். வெளியே வெறும் மணலும் புதருமாகப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்: "ஒரு மணி நேரம், என்னை யாருமே கூப்பிடல."

பாவம், எவ்வளவு மனக்குறை இருந்திருக்கிறது இவளுக்கு என்று நினைத்தேன். இனிமேல் அப்படி நடக்க விடக்கூடாது என்று அங்கேயே தீர்மானித்தேன்.

"அம்மா."

"என்னம்மா?"

"ஒண்ணும் இல்ல."

சான் ஹோசே வந்து சேர ஒன்பது மணி நேரம் ஆயிற்று. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை, மறக்காமல், பின் சீட்டிலிருந்து அவளைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன்.