‘நாம’ போன காத்மாண்டு

லண்டனில் வளர்ந்து, கணவன் வேலைக்காக டெல்லிக்குக் குடிவந்த ஜ்யோத்ஸ்னாவின் தமிழில் ‘நாங்க’ என்ற சொல்லே கிடையாது. எல்லாம் ‘நாம’தான். “நாம பாத்திரம் தேய்க்கணும், பச்சையம்மா” என்பாள். தேய்ப்பது என்னவோ வேலைக்காரி பச்சையம்மாள் மட்டும்தான்.

இவ்வளவு பட்டும் பச்சையம்மாளுக்குப் புத்தி வரவில்லை. “சனி ஞாயிறு நாம காத்மாண்டு போறோம்” என்று ஜ்யோத்ஸ்னா சொன்னதும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தன்னையும் கூட்டிப்போகிறார்கள் என்று நம்பிவிட்டாள். நேபாளத்துக்கு பாஸ்போர்ட் வேண்டாம், வோட்டர் கார்டு போதும் என்று விசாரித்தும் வைத்துக்கொண்டாள். பச்சையம்மாள் குடியிருந்த தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப் முழுக்க அவள் பிளேன் ஏறப்போகும் பேச்சுதான்.

சனிக்கிழமை காலை புதுப்புடவையும் பையுமாகப் போய் நின்றாள். டாக்சி புறப்படத் தயாராக இருந்தது.

“அச்சா, வந்துட்டியா! நாய்க்கு வேளாவேளைக்குச் சோறு வை” என்று ஜ்யோத்ஸ்னா சாவியை அவள் கையில் திணித்தாள். பையைக் கவனிக்கக்கூட இல்லை.

எந்த முகத்தோடு கேம்புக்குத் திரும்புவது? அவர்கள் வரும்வரை பச்சையம்மாள் அந்த வீட்டுச் சமையலறையிலேயே நாயோடு கிடந்தாள்.

திங்கட்கிழமை வந்திறங்கிய ஜ்யோத்ஸ்னாவின் முகமெல்லாம் சிரிப்பு. “நாம நல்லா சுத்தினோம், பச்சையம்மா! இப்போ நாம இந்தத் துணியெல்லாம் துவைக்கணும்.”

துவைத்துப் போட்டுவிட்டு, பையோடு கேம்புக்குப் போனாள். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

“ஃபாரின் எப்படிக்கா இருந்துச்சு?”

“அது நாம போற எடம் இல்லடி” என்றாள் பச்சையம்மாள்.