பார்க்கவில்லை என்று சொன்னேன்

நான் பொய் சொன்னேன். என் தம்பி வாழ்நாளில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதற்குத்தான் பொய் சொன்னேன்.

கல்முனையில் அபாயா தைப்பவள் நான். வாய்க்காரி என்று பெயரெடுத்தவள். துணிக்கடைக்காரரில் இருந்து கரண்ட் பில் கொண்டுவருகிறவர் வரை என்னோடு வாதாடி வென்றவர் இல்லை. இப்படிப்பட்டவளுக்கு ஒரு உண்மை வாயில் வராமல் போனது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள்... நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், கட்டாரில் வேலை செய்யும் தம்பி றிஸ்வான் எனக்கு ஒரு ஜப்பானிய நாடகத் தொடரை அனுப்பினான். "ராத்தா, இத முழுக்கப் பாருங்க. பாத்துட்டு என்னோட கதைங்க" என்று குரல்பதிவில் சொன்னான். அவன் குரல் ஒருமாதிரி இருந்தது.

அப்போது என் கலியாணத்துக்காக வீடு கட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் மாப்பிள்ளை வரமாட்டார். வாப்பா மௌத்தான பிறகு அந்தப் பொறுப்பு தம்பியின் தலையில் விழுந்தது. மேசன்மார் சுவர் பூசிக்கொண்டிருந்த ஒரு பகலில், மெஷினை நிறுத்திவிட்டு, போனைத் துணிக்குவியலில் சாய்த்து வைத்துப் பார்க்கத் தொடங்கினேன்.

இரண்டு ஆண்களின் காதல் கதை அது! ஒருவன் பஸ் ஓட்டுகிறவன். மற்றவன் அந்த பஸ்ஸில் தினமும் ஏறும் முடிவெட்டுகிறவன். கூச்சத்தில் நிறுத்திவிட்டேன். ஆனால் பஸ்காரன் என்னை விடவில்லை. யார் என்ன செய்தாலும் "பரவாயில்லை" என்கிற ஆள் அவன். லீவைப் பறித்தாலும் பரவாயில்லை, தாய் பெண் பார்த்தாலும் பரவாயில்லை. முடிவெட்டுகிறவன் ஊரை விட்டே போகிறேன் என்கிறான்... அதற்கும் இவன் பரவாயில்லை என்கிறான்! நான் போனைப் பார்த்து ஏசினேன்.

கடைசிப் பகுதியில்தான் அவன் மாறுகிறான். பெரிய சாகசம் ஒன்றுமில்லை. பஸ்ஸை ஓரமாக நிறுத்தி இறங்கிப் போய், "பரவாயில்லை என்று சொன்னது பொய். போகாதே" என்று திக்கித் திக்கிச் சொல்கிறான். அவ்வளவுதான். நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

அழுது முடித்தபோது எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் வீட்டிலும் எதற்கெடுத்தாலும் "பரவாயில்ல ராத்தா" என்று சொல்பவன் றிஸ்வான்தான். கட்டாரில் அவனோடு ஒரே அறையில் அக்கரைப்பற்றுக்காரர் ஒருவர் இருந்தார். அவரைப் பற்றிக் கதைக்கும்போது மட்டும் அவன் குரல் இளகும்.

மறுநாள் கட்டாரிலிருந்து கோல் எடுத்தான். "பாத்தீங்களா ராத்தா?"

"எங்கடா நேரம்? கலியாண வேல தலைக்கு மேல கெடக்கு. பாக்கல்ல."

"பரவாயில்ல" என்றான்.

மார்க்கத்துக்குப் பயந்தேன் என்று உங்களிடம் சாட்டுச் சொல்லலாம். மாட்டேன்! பொய்யும் பாவம்தான், அது அன்று எனக்கு உறைக்கவில்லையே. நான் பயந்தது ஊருக்கு. பாதியில் நின்றுபோகக்கூடிய சுவருக்கு. என் கலியாணத்துக்கு!

வீடு முடிந்தது. அதில்தான் இருக்கிறேன்.

இந்த வருடம் ஒரு பெண்வீட்டார் றிஸ்வானை மாப்பிள்ளை கேட்டு வந்தார்கள். உம்மாவை முந்திக்கொண்டு நானே ஓம் என்றேன். அவனுக்குக் கோல் எடுத்துச் சொன்னபோது, "பரவாயில்ல ராத்தா" என்றான்.

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் இந்த ஊரில் நான்தான்! நாடகத்தில் வருகிறவனே மாறிவிட்டான். நான் எப்போது மாறப்போகிறேன்? ஒன்றுமறியாத அந்தப் பெண்ணின் வாழ்க்கையையும் சேர்த்தா கெடுக்கப்போகிறேன்?

போன வாரம் பெண்வீட்டுக்குத் தனியாகப் போனேன். "இந்தக் கலியாணம் வேணாம். புள்ளையில ஒரு குறையுமில்ல. தம்பியக் கேக்காம வாக்குக் குடுத்தது நான். பிழை என்ட" என்றேன்.

"மனிசரா நீங்க? ஊருக்கெல்லாம் சொல்லிட்டமே!" என்றார் பெண்ணின் தாய். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். காரணத்தைச் சொல்லவில்லை, அது அவனுடையது. உம்மா என்னோடு கதைப்பதில்லை. ஏசுகிறவர்கள் ஏசட்டும்! இனி எத்தனை பேர் கேட்டு வந்தாலும் வேணாம் என்று சொல்ல நான்தான் முன்னால் நிற்பேன்.

பிறகு தம்பிக்குக் கோல் எடுத்தேன். "அந்த நாடகத்த நான் அப்பவே பாத்தேன்டா. முழுசாப் பாத்தேன்."



"விளங்கிச்சா ராத்தா?"

"விளங்கிச்சு. அழுதேன்."

"உன்ட வீட்டுல ஒருத்தருக்குத் தெரிஞ்சாப் போதும், உன்னோடயே இருக்கேன் எண்டு அந்த அக்கரைப்பற்றுக்காரர் சொன்னார்" என்றான் தம்பி. "ராத்தாவுக்கு விளங்கும் எண்டு நான்தான் சொன்னேன். காத்திருந்தார்... நீங்க பாக்கல்ல எண்ட பொறகு ஊருக்குப் போயிட்டார். இப்ப கலியாணம் முடிச்சி, புள்ளையும் இருக்கு."

மன்னிப்புக் கேட்டேன். வேலைக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டான். நாளைக்கும் கோல் எடுப்பேன். அவன் கதைக்காவிட்டால் மறுநாளும் எடுப்பேன்.

நேற்று துணி வாங்க அக்கரைப்பற்றுக்குப் போனேன். சந்தியில் ஒருவர் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார். தம்பிக்காகக் காத்திருந்தவரின் பெயர் எனக்குத் தெரியும், முகம் தெரியாது. அதற்குப் பிறகு அந்தச் சந்தியில் பிள்ளையோடு வந்த ஒவ்வோர் ஆணையும் பார்த்துக்கொண்டே நின்றேன்.