இரண்டாவது மைல்

குன்னூரில் நாங்கள் இருக்கும் சரிவில் வீடுகள் படிக்கட்டு போல ஒன்றுக்கு மேல் ஒன்றாக நிற்கும். போன வருஷம் எங்களுக்கு மேல் வீட்டில் ஒருவர் குடிவந்தார். தனியாள், என் வயதுதான். ஊட்டியில் பெரிய ஹோட்டலில் வேலை பார்த்தவர் என்பதால் இங்கிலீஷ் சரளமாக வரும்.

என் மனைவி ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். இங்கிலீஷ் பேசப் பழகினால் வரவேற்பில் உட்கார வைக்கிறேன் என்று அதன் முதலாளியம்மா சொல்லியிருந்தார். அன்றிலிருந்து லீவு நாள் மதியமெல்லாம் அவள் மேல் வீட்டு வாசலில்தான் பாடம் கேட்டாள். நான் டீ ஃபேக்டரியில் நைட் ஷிப்ட். பகலில் தூங்க வேண்டியவன், மேலிருந்து சிரிப்புச் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

திரும்பி வந்ததும் என்னிடம் ஒப்பிப்பாள்.

"ஏனுங்க, 'புல் அவுட் ஆல் த ஸ்டாப்ஸ்'னா என்னன்னு சொல்லுங்க பாக்கலாம்."

"தெரியல."

"சர்ச்சுல பெரிய ஆர்கன் இருக்குதில்லீங்க? அதுல குமிழ் குமிழா இருக்குமாம். எல்லாத்தையும் வெளிய இழுத்துட்டு வாசிச்சா கட்டடமே அதிருமாம். அப்படி முழு மூச்சா ஒரு வேலையைச் செய்யறதுதான் அர்த்தமாம். சார் என்னமா சொல்றாருங்க!"

இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் கண் அப்படி விரிந்ததில்லை. எனக்கு இங்கிலீஷ் வேண்டாம். அந்தப் பார்வை மட்டும் ஒருமுறை என் பக்கம் திரும்பினால் போதும் என்றிருந்தது.

அடுத்த பாடம் 'கோ த எக்ஸ்ட்ரா மைல்'. ரோமானியச் சிப்பாய் வழியில் போகிறவனைப் பிடித்துத் தன் மூட்டையை ஒரு மைல் சுமக்க வைக்கலாமாம். கேட்காமலே இன்னொரு மைலும் சுமந்து போ என்று இயேசு சொன்னாராம். மேலே அவர் விளக்கிக்கொண்டிருந்தது கீழே படுத்திருந்த எனக்கும் கேட்டது. அந்த நேரம் பார்த்துக் கேஸ் லாரி வந்தது. எங்கள் சரிவில் வண்டி ஏறாது. சிலிண்டரை ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

"அண்ணா, அது என் சிலிண்டருங்க. எனக்கு முதுகு புடிச்சிருக்குது. உங்க வாசல் வரைக்கும் கொண்டாந்து வெச்சாப் போதும். அப்புறம் யாரையாச்சும் கூப்ட்டுக்கறேன்" என்று மேலிருந்து குரல் கொடுத்தார்.

தோளில் ஏற்றினேன். எங்கள் வாசலில் வைத்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். அவள் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நிற்காமல் ஏறினேன். அவர்கள் இருவருக்கும் நடுவே நுழைந்து, சமையலறையில் சிலிண்டரை மாட்டி, அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். மூச்சு வாங்கியதைக் காட்டிக்கொள்ளவில்லை.

அவர் கைதட்டினார். "பாத்தீங்களா அம்மணி? எக்ஸ்ட்ரா மைல்னா இதுதான்!"

"அட, ஆமாங்க சார்!" என்றாள். நான் ஆசைப்பட்ட மாதிரியே கண் விரிந்தது. ஆனால் அவரைப் பார்த்து.

பிறகு என் பக்கம் திரும்பி, "சட்டையெல்லாம் துரு. கழட்டிப் போட்டுட்டுப் படுங்க, ஷிப்ட்டுக்கு நேரமாயிரும்" என்றாள்.

படியிறங்கும்போது பின்னால் அடுத்த பாடம் தொடங்கியிருந்தது.