காலையில் கொடுத்த மருந்து

அன்று அங்கன்வாடியில் டீச்சர், நர்ஸம்மா, ஏழு பிள்ளைகள், நான், என் மூன்று வயது மகள். இவ்வளவு பேர்தான்.

ஒரு நாள் போகாவிட்டால் பாலக்கோடு தக்காளி மண்டியில் மறுநாள் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள். அதனால் எட்டு மணிக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்து, சூடு இறங்கியதும் மகளை அங்கன்வாடியில் விட்டுப் போனேன். பத்தரைக்கே டீச்சர் போன் செய்தார். ஓடி வந்தேன். உடம்பு மறுபடி கொதித்தது.

“வூட்ல மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களா?” என்றார் நர்ஸம்மா.

“இல்லைங்க.” திட்டுவார்களே என்ற பயம்.

அவர் மூடியில் மருந்தை ஊற்றினார்.

“அம்மா குடுத்துச்சே. இனிப்பா இருந்துச்சு” என்றாள் மகள்.

நர்ஸம்மா கை நின்றது. “நாலு மணி நேரம் ஆவாம மறுபடி குடுக்கக்கூடாதுங்க. எங்கிட்டப் போய் மறைக்கலாமா?”

எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் நான். உண்மையைச் சொல்லிவிட்ட மகள், அடிப்பேனோ என்று என் முகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தும் ஒருத்தி பயப்படுகிறாள் என்று அன்றுதான் தெரிந்தது.